முள் எடுத்த கிறாப்பி

எங்கள் வீட்டில் மீன் சமைப்பது நின்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமையும் விரத நாள்களும் தவிர, யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் மீன் மணக்காத நாள் குறைவு. செத்தவீடு நடந்தால் மட்டும் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியும்வரை மரக்கறிதான். அதனால்தான் கனடாவில், ஸ்காபரோவில், ஒன்பதாம் மாடியிலிருந்த எங்கள் அபார்ட்மென்ரில், என் கணவர் ஒருநாள் மீன்குழம்பைக் கையால் தள்ளிவைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன், மீன் பழுதோ?”

“இல்லை. எனக்கு வேண்டாம்.”

அவருடைய தம்பி காணாமல் போய் அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வருவதற்காக வெளிக்கிட்டவன். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் போர் நடந்த அந்த வருடங்களில் கிளாலிக் கடலைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இருட்டில் படகு, கடற்படை கண்டால் சூடு. அவன் புறப்பட்ட இரவில் போன படகுகளில் ஒன்று மறுகரைக்குப் போய்ச் சேரவில்லை. அவன் எந்தப் படகில் ஏறினான் என்று யாருக்கும் தெரியவில்லை. கொழும்பிலிருந்து போனில் வந்த செய்தி இவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போனபோது அவன் பள்ளிக்கூடப் பெடியன். “அண்ணி, பசிக்குது” என்று குசினி வாசலில் வந்து நிற்பான். என் கையால் சோறு தின்று மீசை முளைத்தவன். வேறு படகில் ஏறியிருப்பான், எங்காவது பிடித்து அடைத்து வைத்திருப்பார்கள், காய்ச்சலில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடப்பான் என்று எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. என் வீட்டில் மீன் சமைக்கிற வரைக்கும் அவன் இருக்கிறான். இதில் என்ன புத்தி இருக்கிறது என்று என்னைக் கேட்க வேண்டாம். அப்போது அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

அவரோ ஃபக்ரறிக்குப் போவார், வருவார், சோபாவில் இருந்து சுவரைப் பார்ப்பார். பிள்ளைகள் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். நான் கேட்டால் அதுவும் இல்லை. நான் விடுகிற ஆள் இல்லை. ஏன் மீன் வேண்டாம் என்று குடைந்து குடைந்து கேட்டதில், கடைசியில் ஒருநாள் அவர் வாயைத் திறந்தார்.

“எந்தத் தண்ணியில என்னத்தைத் தின்ட மீனோ, ஆருக்குத் தெரியும்?”

எங்கள் தமிழ்க்கடையில் விற்பது ஊரிலிருந்து ஐஸில் வரும் பாறையும் விளைமீனும்தான். அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று விளங்கியது. ஆனாலும் தோற்க மனமில்லை. அடுத்த கிழமை போர்த்துக்கீசர் கடைக்குப் போய் அத்லாந்திக் மீன் வாங்கிவந்து, இது வேறு கடல் என்று அடித்துச் சொன்னேன். “கடலெல்லாம் ஒண்டுதானே” என்றார்.

அதற்கு மறுமொழி சொன்னது எங்கள் மகள். அவளுக்குப் பத்து வயது. “அம்மா, இங்கத்தைய லேக்கில இருக்கிறது ஃபிரெஷ்வோட்டர். ஸீயோட அதுக்கு ஒரு கனெக்‌ஷனும் இல்லை” என்றாள், சுவரில் உலக மப்பைக் காட்டுகிற ரீச்சர்மாதிரி. எனக்கு அது சாமி சொன்னதுபோல இருந்தது. ஏரி மீனைக் கடையில் வாங்கினால் அதற்கும் ஏதாவது சொல்வார். ஆகவே அவர் கண்முன்னே தண்ணீரிலிருந்து எடுக்கவேண்டும். எங்கள் குடும்பம் மீன் பிடிக்கப் போனது இப்படித்தான்.

யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற இரண்டு பழைய தூண்டில் தடிகளை வாங்கினேன். லைசன்ஸ் எடுத்தோம். மே மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்கூகொக் ஏரிக்குப் போனோம். கார் ஓடுவதற்கு மட்டும்தான் அவர் வந்தார். இறங்கவே இல்லை. ஸ்ரியறிங்கில் கையை வைத்தபடி இருந்தார்.

எங்கள் வீடுகளில் மீனை அறுக்கத் தெரியும், பேரம் பேசத் தெரியும், கண்ணைப் பார்த்துப் பழுதா என்று சொல்லத் தெரியும். பிடிக்கத் தெரியாது. பிடிப்பது வேறு ஆட்களின் தொழில் என்று ஊரில் ஒதுக்கி வைத்த சனம் நாங்கள். அந்த மேட்டிமைக்கு அன்று நல்ல பலன் கிடைத்தது. தமிழ்க்கடை இறாலைப் பெரிய தூண்டில் கொழுக்கியில் குத்தி எறிந்துவிட்டு, பொழுது சாயும்வரை குளிரில் நின்றோம். பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் வாளி நிறைய மீன் எடுத்தது. எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் பாசி. இளைய மகன் சின்னவனுக்கு மூக்கு ஓடத் தொடங்கியது.

அடுத்த கிழமை ஏரிக்குப் போகிற வழியில் இரை விற்கும் கடையில் நிறுத்தினேன். கடைக்காரப் பெண் எங்கள் கொழுக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுறாவா பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நல்ல மனுஷி. இந்த மாதத்தில் கரையோரத்துக்கு வருவது கிறாப்பி என்றாள். உள்ளங்கை அகலம், வெள்ளி உடம்பு, கரும்புள்ளி. மெல்லிய நூல், சின்னக் கொழுக்கி, அதில் ஓர் உயிர்க் குஞ்சு மீன், மேலே ஒரு மிதவை. அது கீழே குனிந்து தின்னாதாம், மேலே பார்த்துத்தான் தின்னுமாம், அதனால் இரையை ஆழத்துக்கு விடவேண்டாம். இன்னொன்றையும் இரண்டுமுறை சொன்னாள்: கிறாப்பியின் வாய் கடதாசிமாதிரி, வெட்டி இழுத்தால் பிய்ந்துபோகும்.

சொன்னால் கேட்கிற கையா என் கை! மிதவை அசைந்ததும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். கொழுக்கியில் ஒரு துண்டு உதடு மட்டும் வந்தது. மறுபடியும் அப்படியே. “அம்மா, டோன்ற் புல்! அதுக்கு நோகுமெல்லே!” என்று மகள் கத்தினாள். பலகைத் துறையில் நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் வந்தார். என் கையிலிருந்த தடியை வாங்கினார். மிதவை ஒருதரம் ஆடியது, இன்னொருதரம் ஆடியது, அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அது சரிந்து மெல்லத் தண்ணீருக்குள் போனதும் மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். கிறாப்பி அமைதியாக வந்து சேர்ந்தது. சின்னவன் துள்ளினான். மகள் கை தட்டினாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் தடியைத் திருப்பித் தரவும் இல்லை.

அன்று பின்னேரம் அபார்ட்மென்ரில், புகை அலாரம் அடிக்காதபடி ஜன்னல்களைத் திறந்துவைத்து, அவர் பிடித்த மீனுக்கெல்லாம் செதில் உரித்து, மண்மணம் போக மஞ்சளும் புளியும் தடவி, மிளகாய்த்தூளில் பிரட்டிப் பொரித்தேன். அவருடைய தட்டில் ஒன்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். எட்டிப் பார்த்தபோது தின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமை என்றால் ஏரிதான். பிறம்ரனிலிருந்து சொந்தக்காரி ஒருத்தி போன் எடுத்து, “என்னடி, மீன் பிடிக்கவும் வெளிக்கிட்டிட்டியளாம்?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் ஊர்ச் சாதி முழுவதும் இருந்தது. “ஓம், பிடிக்கிறம். உனக்கும் வேணுமோ?” என்று கேட்டுப் போனை வைத்தேன்.

அவர் துறையின் ஓரத்தில் உட்கார்ந்து பேசவும் தொடங்கினார். என்னோடு அல்ல, பிள்ளைகளோடு. ஒருநாள் தானாகவே தம்பியின் கதையை எடுத்தார்.

“சித்தப்பாவுக்குச் சின்னனில தொண்டையில முள்ளுக் குத்தினது. அதிலயிருந்து மீனெண்டா ஆசை, முள்ளெண்டா பயம். நான்தான் முள்ளெடுத்துக் குடுக்கவேணும். மீசை வைச்ச பிறகும் சோத்துக் கோப்பையை என்ர பக்கம் தள்ளுவான்.”

“சித்தப்பா இஞ்ச வந்தாலும் நீங்கள்தான் எடுப்பீங்களோ?” என்று சின்னவன் கேட்டான்.

அவர் மிதவையைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, “வரட்டும், அப்பாவே எடுப்பார்” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை அப்போது நான் விளங்கிக்கொள்ளவில்லை.

செப்ரெம்பர் முடியும்போது ஏரிக்கரை மரங்கள் சிவந்துவிட்டன. குளிருக்குப் பயந்து பிள்ளைகள் காருக்குள் ஏறிவிட்டார்கள். நானும் அவரும் மட்டும் துறையில் நின்றோம். தண்ணீர் ஈயம்மாதிரிக் கிடந்தது. தூண்டிலைச் சுற்றிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார்:

“அடுத்த சனிக்கிழமை தம்பியின்ர எட்டுச் செலவைச் செய்வம்.”

எட்டுச் செலவு என்பது செத்தவீடு நடந்து எட்டாம் நாளில் செய்வது. அன்றைக்கு மட்டும் மரக்கறி விதி இல்லை; செத்தவர் விரும்பித் தின்றதையெல்லாம், மீன் இறைச்சி உட்படச் சமைத்து, படத்துக்கு முன்னால் படைப்போம். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“செத்தவீடே நடக்கேல்லை, என்ன எட்டு? கண்டனீங்களோ அவன் செத்ததை? உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

“பிறகேன் அவனைக் கொல்லுறியள்?”

துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் குரல் உயரவில்லை.

“கிழமைக்குக் கிழமை இந்தத் தண்ணியையே பாத்துக்கொண்டு இருந்தனான். அவனுக்கு நீந்தத் தெரியாது. உமக்கும் அது தெரியும். நீர் மீன் சமைச்சுச் சமைச்சு அவனை வைச்சிருக்கிறீர். ஒவ்வொரு நாளும் அவன் வருவான் எண்டு கதவைப் பாக்க என்னால இனி ஏலாது. அவனை இஞ்ச வா எண்டு கூப்பிட்டது நான். என்னை அழ விடுமன்.”

மாதக்கணக்காக நான் வெட்டி வெட்டி இழுத்தும் வராத சொல் அது. வந்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. காரில் வீடு வரும்வரை அழுதேன். மகள் பின்னாலிருந்து என் தோளைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் மீன் இல்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்தது நான்தான். பருப்பும் கீரையும் சமைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஐயரைக் கூப்பிடவில்லை, சொந்தக்காரருக்குச் சொல்லவில்லை. திகதி தெரியாத சாவுக்கு யாரை அழைப்பது?

சனிக்கிழமை விடிய அவர் தனியே ஏரிக்குப் போய், மத்தியானத்துக்கு முன் திரும்பிவிட்டார். வாளியில் மூன்று கிறாப்பி. அவனுக்குப் பிடித்தமாதிரித் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தேன், ஒன்றைப் பொரித்தேன். கத்தரிக்காய்ப் பொரியல், முட்டை, முருங்கைக்காய், எல்லாம் வைத்தேன். கை சமைத்தது, மனம் அதோடு நிற்கவில்லை. பாஸ்போட்டுக்கென்று எடுத்து அனுப்பிய அவனுடைய சின்னப் படத்தை மகள் நிலத்தில் சுவரோடு சாய்த்து வைத்தாள். தமிழ்க்கடையில் வாங்கிய வாழையிலையை அதன் முன்னால் விரித்துச் சோறு போட்டு, மீனை வைத்தேன். விளக்கைக் கொளுத்த நெருப்புப்பெட்டியை எடுத்தேன்.

“பொறும்” என்றார்.

இலைக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். பொரித்த மீனைத் தன் பக்கம் இழுத்தார். நடு முள்ளை ஒரே இழுப்பில் எடுத்தார். பிறகு விலா முள்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். விரலால் சதையைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் மீனைச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்து, இலையைப் படத்தின் பக்கம் மெல்லத் தள்ளினார்.

“எல்லாம் எடுத்திட்டன். பயப்பிடாமச் சாப்பிடு” என்றார்.

அப்போதுதான் எனக்கும் அவன் செத்தான். நெருப்புக்குச்சியை உரசி விளக்கைக் கொளுத்தினேன்.