எஞ்சின் சத்தம்

மட்டாஞ்சேரியில் ஜெனரேட்டர் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. அன்று மதியம் வந்த கேரவனுக்குள் பாலக்காட்டுக் கிழவர் ஒருவர் ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுத்திருந்தார். கேரவனின் ஜெனரேட்டர் எஞ்சின் ஓடியது, கரண்ட் வரவில்லை. அப்போதைக்குச் சிலிண்டரில் மூச்சுவிட்டார்.

மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்தால் ஜெனரேட்டரில் காந்தம் செத்துவிடும். பேட்டரி ஒயரால் ஒரு நொடி தொட்டால் உயிர் வரும். இங்கே எல்லோரும் செய்வது அதுதான். நானும் செய்தேன், கரண்ட் வந்தது, சிலிண்டரை மூடினார்கள். உப்புக்காற்று தின்றிருந்த கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பார்க்கச் சோம்பல். அது விட்டுப்போனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் மட்டும் நின்றுவிடும்.

"எஞ்சின் சத்தம் நின்னா உடனே கூப்பிடறேன் சேட்டா," என்றார் மகன். சத்தத்தை நம்பாதீங்க, உள்ளே விளக்கு எரியுதான்னு பாருங்க என்று சொல்லாமல் தலையாட்டினேன், மடையன்.

அப்பா மூச்சில்லாமல் கிடப்பதைச் சாயங்காலம்தான் மகன் பார்த்தார். அதுவரை முன்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சத்தம் நிற்கவே இல்லை.