காதில் ஒட்டியிருந்த அம்பு

முதல் நாள் அந்த ஸ்டிக்கர் என் சேலையிலிருந்து ஒட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எது இருந்தாலும் அங்கே சிவப்பாக ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு காட்டுகிற இடத்தில் பழுது. சாயங்காலம் வீடு திரும்பும்போது எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் எல்லார் மேலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வரும்.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பால்வாடியிலிருந்து வந்தவளின் வலது காதில் ஒரு அம்பு இருந்தது. முனை காதுத் துளையைப் பார்த்திருந்தது. பிய்த்துப் போட்டேன்.

மறுநாளும் அதே காது, அதே இடம். மூன்றாம் நாள் இரண்டு காதிலும். இரண்டு முனைகளும் உள்ளே பார்த்து இருந்தன. அது தானாக ஒட்டியதல்ல. பதினோரு வருஷமாக ஒட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? பழுது எங்கே என்று தெரிந்த கை ஒட்டியது.

யார் ஒட்டினார்கள் என்று அவளைக் கேட்டேன். என் வாயையே பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். 'ம்மா', 'தா', அவ்வளவுதான் பேச்சு. அவள் அப்பா வழியில் எல்லாரும் தாமதமாகப் பேசினவர்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

எதிர்வீட்டு அக்காதான் அவளைத் தினமும் கூட்டி வருவாள். அவளிடம் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எவனோ பிள்ளைக்கு அடையாளம் வச்சிருக்கான்டி. போன்ல வருதுல்ல, பிள்ளை பிடிக்கிறவன்னு. இந்திக்காரப் பிள்ளை ஒண்ணு இவ பின்னாடியே சுத்துது. அதுதான் ஒட்டுது. நான் பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மாவா வந்தீய?"

"நான் என்ன, இந்தியிலயா வைய முடியும்?"

நம்பினேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன். அன்று வீட்டுக்குள் என் மகள் எங்கே போனாலும் என் கண் அந்தக் காதுக்கே போனது. ஸ்டிக்கரைப் பிய்த்த இடத்தில் பசை மிஞ்சி, அதில் அழுக்குப் படிந்து, அம்பு வடிவம் அப்படியே நின்றது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

நான்காம் நாள் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு பர்மிஷன் வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். பால்வாடி அருள்புரத்தில் எங்கள் சந்தின் கடைசியில், ஒரே அறை. இருபது பிள்ளைகளின் இரைச்சல் சந்து முனைக்கே கேட்கும். அன்று கேட்கவில்லை. பக்கத்துக் கம்பெனியின் மெஷின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். ஒரு பிள்ளையின் கழுத்துப்பட்டியை விரலால் நீவினாள். கைகளைத் தூக்கி அக்குளைப் பார்த்தாள். பின்னால் தள்ளி நின்று, "திரும்பு" என்றாள். பிள்ளை திரும்பியது. "பாஸ்." அடுத்த பிள்ளைக்குப் போனாள்.

நாங்கள் கம்பெனியில் செய்கிற வேலை அது. முதலில் கழுத்து, பிறகு அக்குள், பிறகு பின்பக்கம். வரிசைகூட மாறவில்லை. என் கையை யாரோ கழற்றி அந்தக் குழந்தைக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

என் மகளின் முறை வந்தது. "திரும்பு." அவள் சுவரையே பார்த்தாள். "திரும்பு." அசைவில்லை. அந்தப் பெண் தன் கவுனில் ஒட்டி வைத்திருந்த அம்புகளை எடுத்து, அவசரமில்லாமல், ஒரு காதுக்கு ஒன்றாக ஒட்டி அழுத்தினாள். டீச்சர் மூலையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. எனக்குக் கொதித்துவிட்டது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "என் பிள்ளைய என்ன செய்யுதீய? அது பிள்ளையா, பனியனா?"

அத்தனை தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. ஒன்றைத் தவிர.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. "அங்கிருந்தே பேரு வச்சுக் கூப்பிடுங்கக்கா. ஊட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி."

"பாப்பா!"

எங்கள் பக்கம் எல்லாப் பெண் பிள்ளையும் பாப்பாதான். எல்லாப் பாப்பாவும் என்னைப் பார்த்தது. என்னுடையது பார்க்கவில்லை.

"வீட்டுல நான் உள்ள வந்தாலே திரும்புவாளே" என்றேன்.

"உங்க ஊட்டுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுங்க?"

எங்கள் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது, வாசல் ஒன்றுதான். நான் சுற்றிப் போய் பால்வாடியின் மேற்குப் பார்த்த வாசலில் நின்றேன். வெயில் என் முதுகில் விழுந்தது. என் நிழல் தரையில் நீண்டு, பிள்ளைகளைக் கடந்து, அவள் எதிரே சுவரில் ஏறியது. உடனே திரும்பிச் சிரித்தாள்.

மூன்றரை வருஷமாக அவள் என் நிழலுக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவ உங்கள வரச் சொல்லி விட்டேனுங்க" என்றாள் டீச்சர். உண்மைதான். ஆதார் ஜெராக்ஸ் கேட்பாள் என்று நான் போகவில்லை. "மொதல்ல நானும் அந்த இந்திக்காரப் புள்ளையத் திட்டுனேனுங்க. அப்புறம் எதுக்குக் காதுல மட்டும் ஒட்டுதுன்னு விளையாட உட்டுட்டுப் பாத்தேன். அதோட அம்மாவும் உங்களாட்ட செக்கிங்தானுங்க. அந்தப் புள்ளைக்குத் தமிழ்ல நாலு வார்த்தைதான் தெரியும். மூஞ்சியப் பாத்தேதான் எல்லாம் புரிஞ்சுக்கும். உங்க பாப்பாவும் அப்படித்தானுங்களே? அதான் அதுக்குப் பிடிபட்டுருச்சு."

பால்வாடி என்றால் முட்டை தின்றுவிட்டுத் தூங்குகிற இடம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஊசிமுனை ஓட்டையை என் கண் விடாது. என் பிள்ளையை விட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். கொஞ்சம் கேட்கிறது, கருவி வைத்தால் பேச்சு வரும், இன்னும் தள்ளிப்போட்டால் கஷ்டம் என்றார்கள். கருவி வருகிற வரைக்கும் டீச்சர் தினமும் அவள் எதிரே உட்கார்ந்து, அவள் கையைத் தன் தொண்டையில் வைத்து, 'அம்மா' என்று சொல்லி அந்த அதிர்வைக் காட்டினாள். இந்திப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டாள்.

கருவி மாட்டிய அன்று அதே வரிசை, அதே சுவர். நிழல் விழாத ஜன்னல் பக்கம் நின்று, "பாப்பா!" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். கடைசியாக அவளும் திரும்பினாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் நிழலைத் தேடினாள். அது இல்லை. ஆளில்லாமல் சத்தம் மட்டும் வந்ததில் அவள் முகம் வெளிறியது. காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதாள்.

முதல்முதலாகக் கேட்ட என் குரல் அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்கிறது. கம்பெனி மெஷினுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல்.

அடுத்த தடவை மெதுவாகக் கூப்பிட்டேன்.