குடிக்கிற தண்ணி

தண்ணி புடிக்கிற சோலிதானேன்னு இளக்காரமா நினைக்காதீங்க. என்னைய மாதிரி அடுத்தவுக வாசல்ல நின்னு பொழைக்கிறவுகளுக்குத்தான் என் பாடு புரியும்.

சிலமலைக்கு மேக்கால, மலையடிவாரத்துல ஒரு கல்குவாரி இருந்துச்சு. வேலை முடிஞ்சதும் குழியை மூடி, மரக்கன்னு நட்டு, பச்சை போர்டும் மாட்டிட்டாக. சுத்தியிருக்கிற கிணத்துத் தண்ணி கெட்டிருக்கான்னு மாசாமாசம் பாட்டில்ல எடுத்து போடி லேபுல குடுக்கணும். அதுதான் நான்.

ஐஸ் பெட்டி

பாட்டில் சூடாகக் கூடாதுன்னு வண்டிக்குப் பின்னால ஐஸ் பெட்டி கட்டியிருப்பேன். ராசிங்காபுரம் விலக்குல ஒருநா நின்னேன். ஏலக்காத் தோட்டத்துக்குப் போற ஜீப்புல இருந்து பொம்பளையாளுக எட்டிப் பாத்து, சேமியா ஐஸ் எவ்வளவுன்னு கேட்டாக. இது யாவாரம் இல்லக்கா, தண்ணி சோதிக்கிற பெட்டின்னு விளக்கிச் சொன்னேன். அதுல ஒரு அக்கா சடைச்சுக்கிட்டாக.

“ஐஸும் இருக்கு, விக்கவும் மாட்டீக. பெறகு எதுக்கு இந்த வெயில்ல அலையுறீக?”

ஆட்டு ரிப்போர்ட்டு

குவாரியில மூடாம விட்ட மூலையில மழைத்தண்ணி தேங்கிக் கெடக்கும். அதுலயும் ஒரு பாட்டில் எடுக்கணும். தண்ணி சோதிக்கிற மீட்டரை உள்ள விட்டு, நம்பர் நிக்கட்டும்னு குத்தவச்சிருந்தேன். ஆடு பத்திக்கிட்டு வந்த பெரியவர் என் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தாரு.

“என் ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு. அத எழுதிக்கப்பா.”

எழுதியிருக்கலாம். ஆனா குழித்தண்ணியை எவன் குடிக்கப் போறான், கிணத்து ரிசல்ட்டு நல்லாருந்தாப் போதும்னு லேபுல சொல்லிட்டாக.

பேச்சியம்மாக்கா வீடு

குவாரிக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கது பேச்சியம்மாக்கா கிணறு. கிணத்துத் தண்ணி மேல சந்தேகம் தீர்ற வரைக்கும்னு அந்தப் பக்கத்து வீடுகளுக்குக் குவாரிக்காரக லாரியில நல்ல தண்ணி விட்டாக. அக்காவோட மக தலைப்பிள்ளைப் பேறுக்கு வந்திருந்தா. லாரித் தண்ணியில முதக் குடம் அவளுக்குத்தான்.

கிணத்துல நானே இறைக்கணும்ங்கிறதுதான் முறை. முத மாசம் எனக்கு முட்டி வீங்கிக் கெடந்துச்சு. வேப்பமர நிழல்ல உக்காந்துக்கிட்டே பாட்டிலை நீட்டி, ‘குடிக்கிற தண்ணி புடிச்சுக் குடுங்கக்கா’ன்னேன். லேபுக்கு நாங்க நிரப்பிக் குடுக்கிற பாரத்துல ‘குடிநீர்’னுதான் போட்டிருக்கும். அக்கா வெரசாப் புடிச்சுட்டு வந்தாக, கூடவே மோரும். அடுத்த ரெண்டு மாசமும் முட்டி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நிழலும் மோரும் பழகிப்போச்சே. மூணு ரிப்போர்ட்டும் சுத்தம்னு வந்தப்ப, அக்காகிட்ட நல்ல சேதின்னு நாந்தான் சொன்னேன்.

“மக புள்ள பெறுற நேரத்துல வயித்துல பால வாத்தீக தம்பி.”

நாலாவது பாட்டில்

நாலாவது மாசம் அக்கா நீட்டின பாட்டில்ல தண்ணி மஞ்சளா இருந்துச்சு, மேல லேசா எண்ணெய்ப் படலம். இம்புட்டு நாளா எதுலக்கா புடிச்சீகன்னு கேட்டேன். லாரித் தண்ணிக் குடத்துலங்கிறாக. மூணு ரிப்போர்ட்டும் நல்லா வந்ததுனால லாரி நின்னுபோச்சாம். கிணத்துத் தண்ணிதானக்கா கேட்டேன்னு வாயெடுத்தவன், பாட்டிலைத் திரும்பவும் வெயில்ல தூக்கிப் பாத்தேன்.

உள்ள இருந்து மக வந்தா, நிறைமாச வயிறு. கையில ஒரு சொம்பு, அதுலயும் அந்த மஞ்சத் தண்ணிதான். பாவி, நானே அவ கையில குடுத்த மாதிரி இருந்துச்சு. அக்காவுக்கு என்மேல கோவமே இல்ல. அதுதான் இன்னும் நெஞ்சுல கெடந்து அறுக்குது.

“குடிக்கிற தண்ணி கேட்டீக. அப்ப அதக் குடிச்சோம், அதக் குடுத்தேன். இப்ப இதக் குடிக்கிறோம், இதக் குடுக்கேன். வேற என்ன தம்பி செய்ய?”

ரெண்டு கேன்

லேபுல நடந்ததை ஒளிக்காமச் சொன்னேன். பழைய ரிப்போர்ட்டைத் திருத்துங்க, லாரியைத் திரும்ப விடச் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். மேனேஜர் முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டு, கையெழுத்துப் போட்டது போட்டதுதான், இனி மூணு மாசம் தொடர்ந்து கெட்டதுன்னு வந்தாப் பாக்கலாம்னுட்டாரு. மூணு மாசம் வரைக்கும் அந்தப் புள்ள பிரசவம் காத்துக்கிட்டா இருக்கும்?

இப்ப ரெண்டு நாளைக்கு ஒருதரம் போடியில இருந்து ரெண்டு கேன் நல்ல தண்ணி வண்டியில கட்டிக்கிட்டுப் போறேன். பாட்டிலுக்குக் கிணத்துல நானே கயிறு விட்டு இறைக்கிறேன். நேத்து கேனை இறக்கி வச்சதும் அக்கா என் முகத்தையும் கேனையும் மாறி மாறிப் பாத்தாக.

“இது குடிக்கவா தம்பி, குடுக்கவா?”

தண்ணியில எது கலந்திருந்தாலும் கண்டுபிடிச்சுச் சொல்லுற தொழில்ல, என் வாயில இருந்து போயிக் கலந்த ‘குடிக்கிற’ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் எந்த மீட்டரும் காட்டல.