கௌதாரிச் சத்தத்தில் என் இருமல்

பறவைகளைக் குரலை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான காணையில், வேர்க்கடலை போட்டிருந்த எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் கத்திய கௌதாரியைப் போனில் பதிவு செய்து, பெருமையாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

அடுத்த வாரம் அதே கொல்லையில் கௌதாரி கத்தியது. ஆசையாக ஓடினேன். கத்தலுக்கு நடுவே யாரோ இருமினார்கள். அது என் இருமல்!

வரப்பில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைத்த கண்ணியில் ஒரு கௌதாரி துடித்தது. என் கொழுந்தன் சிரித்தான்.

"நீங்க அனுப்புன சத்தந்தான் அண்ணி. கேட்டதும் ஓடி வருதுங்க!"

"வெக்கமா இல்ல உனக்கு?"

கண்ணியை அறுத்துப் பறவையை விட்டேன். ஸ்பீக்கரைக் கிணற்றில் எறிந்தேன்.

"ஒரு கறிக்குப் போயி ஏன் இவ்ளோ பேஜாரு பண்றீங்க?" என்றான்.

அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இப்போது எங்கே கௌதாரி கத்தினாலும், நடுவில் இருமல் வருகிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.