சின்னம்மாவின் இரவல் லென்ஸ்

எங்கள் வீட்டில் கீறல் விழக்கூடாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்களுடையதும் அல்ல. ஷெல் அதிர்ச்சியில் சுவர் வெடித்தது, அலுமாரிக் கண்ணாடி உடைந்தது, ஓடும்போது விழுந்து என் முழங்கால் பிய்ந்தது. இதற்கெல்லாம் சின்னம்மா பெரிதாகக் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அவருடைய கவலை முழுவதும் பால்மாத் தகரப் பேணிக்குள் இருந்த அந்த லென்ஸைப் பற்றித்தான்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அன்புவழிபுரத்தில் எங்களோடுதான் இருந்தார். லென்ஸ், பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஓர் அண்ணாவுடையது. அவர் கலியாண வீடுகளில் படம் எடுப்பவர். வெளிநாடு போகப் புறப்பட்டபோது கமராவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். முழங்கை நீளமிருந்த லென்ஸைக் கொண்டுபோகப் பயம். துறைமுகமும் கடற்படை முகாமும் உள்ள ஊரில் அப்படியொரு சாமானோடு சென்றிச் சோதனையில் பிடிபட்டால், எந்தக் கப்பலைப் பார்த்தாய் என்று கேட்பார்கள். கேட்பதோடு விடவும் மாட்டார்கள். அதனால் அதைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டிலேயே தாயும் அக்காவும் இருந்தார்களே, ஏன் இங்கே கொடுத்தார் என்று நான் யோசித்ததேயில்லை.

சின்னம்மா அதைப் பச்சைப்பிள்ளை போலப் பார்த்தார். கடற்காற்றுப் பட்டால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று அண்ணா சொல்லியிருந்தாராம். பேணியின் அடியில் வறுத்த அரிசியை முடிச்சாகக் கட்டி வைப்பார். அதை மாதாமாதம் மாற்றுவார். அதற்குமேல், தன் ஒரேயொரு பட்டுச்சேலையின் ஓரத்தில் வெட்டிய துண்டில் சுற்றி லென்ஸை வைப்பார். தூசியைக் கோழி இறகால் தட்டுவார். வாயால் ஊதக்கூடாது, எச்சில் படும். துணியால் தேய்க்கவே கூடாது, தூசியே கீறிவிடும். ஷெல் அடிக்கத் தொடங்கினால் அம்மா என்னையும் காணி உறுதியையும் இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடுவார். சின்னம்மா பேணியோடு ஓடுவார்.

“நகையைத் தூக்கடி எண்டால் பேணியைத் தூக்குறாள், விசரி!” என்று பங்கருக்குள்ளும் அம்மா பேசுவார்.

கலியாணப் பேச்சு வந்தாலும் அந்தப் பேணிதான் குறுக்கே நிற்கும். “நம்பித் தந்த சாமான் கையில கிடக்கு அக்கா. அதை ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் குடுப்பம். பிறகு பாப்பம்” என்பார். மூன்று வருடமாக இதே கதை.

அந்தத் தைப்பொங்கலுக்கு முதல் நாள், பல நாள் மழைக்குப் பிறகு வெயில் எறித்தது. சின்னம்மா லென்ஸை மூடி கழற்றி முற்றத்துக் கதிரையில் வெயிலுக்கு வைத்தார். ஒன்பது வயதான நான் பக்கத்திலிருந்து புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்கிக்கொண்டிருந்தேன். “காகம் வந்தால் கலை. நீ தொடாதை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். காகம் வரவில்லை. நான்தான் தொட்டேன். ஒருதரம் அதற்குள்ளால் பார்க்கவேண்டும் என்ற ஆசை. பார்த்துவிட்டு வைக்கும்போது, கண்ணாடியில் என் பெருவிரல் அடையாளம் புளியோடு பதிந்திருந்தது.

ஐயோ! சட்டையால் துடைத்தேன்; இன்னும் பரவியது. விளக்கில் பிடித்த களிம்பே புளியும் சாம்பலும் போட்டால் போகிறது, இது போகாதா? தேங்காய்த் தும்பை எடுத்து நன்றாக அழுத்தித் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால், கண்ணாடி முழுவதும் பூனை பிறாண்டியது போலக் கீறல். மூடியைப் போட்டு, பட்டுத்துண்டில் சுற்றி, நல்லபிள்ளை போல இருந்துகொண்டேன். சின்னம்மா திரும்பி வந்து, “சுத்தியும் வைச்சிட்டியே, என்ர கெட்டிக்காரி” என்று கன்னத்தைத் தடவினார். அந்தப் பொங்கல் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் அண்ணாவின் அக்கா வந்தார். சண்டை சற்று ஓய்ந்திருந்த காலம் அது. தேத்தண்ணியைக் குடித்து முடித்தபிறகுதான் வந்த விசயத்தைச் சொன்னார்.

“தம்பி கடிதம் போட்டிருக்கிறான். நான் கொழும்புக்குப் போறன், அந்த லென்ஸைக் குடுத்துவிட்டால் அங்க இருந்து போற ஆக்களிட்ட அனுப்பலாமாம். அவனுக்கும் வைகாசியில கலியாணம். அங்கத்தைப் பிள்ளைதான்.”

சின்னம்மா வெறும் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு, “எனக்கு ஏதும் எழுதினவரோ அக்கா?” என்று கேட்டார்.

“ஓம், ஓம். கவனமா வைச்சிருந்ததுக்கு நன்றி சொல்லட்டாம்.”

சின்னம்மா பேணியை எடுத்து வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. துண்டை விரித்தார். மூடியைக் கழற்றினார். விளிம்பில் ஒட்டியிருந்த தும்பு நாரை நகத்தால் எடுத்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். திரும்பவும் அந்தக் கண்ணாடியையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் அக்கா. விளக்கு மினுக்கேக்க இதையும் புளி போட்டு மினுக்கிப்போட்டன்” என்றார்.

அம்மா வாயில் கை வைத்தார். வந்தவர் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். “உமக்கென்ன விசரே? இவ்வளவு விலையான சாமான்! இதை அனுப்பி இனி அவன் என்ன செய்யிறது? நீரே வைச்சிரும்!”

அவர் படலையைச் சாத்திக்கொண்டு போகும்வரை சின்னம்மா குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு மூடியைப் போட்டு, பட்டுத்துண்டில் சுற்றி, மெதுவாகப் பேணிக்குள் வைத்து மூடினார். நேரே என்னிடம் வந்தார். அடி விழப்போகிறது என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. மூச்சு முட்ட என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணீர் என் உச்சியை நனைத்தது. “என்ர செல்லம், என்ர குஞ்சு” என்று திரும்பத் திரும்ப முத்தமிட்டார். அப்படி ஒரு கொஞ்சல் அதற்கு முன்னும் எனக்குக் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. இன்றைக்கும் மனம் அதற்கு ஏங்குகிறது.

இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன். பாரம் இறங்கியது. முகத்தைக் கழுவிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.