செல்வலட்சுமியின் தாளில் நட்சத்திரம் இல்லை

என் ஓரகத்தி செல்வலட்சுமியைப் பற்றி யார் கேட்டாலும் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது என்பது ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. என் கொழுந்தன் பாண்டிதுரையைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுப் படியேறிய அன்றைக்கே அது தொடங்கிவிட்டது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும், “சின்ன மருமக லட்சணமா இருக்காளே” என்று சொல்லிவிட்டு, ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இருபத்து நான்கு வருடமாக இதே கதைதான். நான் குழம்பு வைத்தால் மாமியார் சாப்பிடுவார். அவள் வைத்தால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். எனக்கு ஒரே மகன், திருப்பூருக்குப் போனவன் தீபாவளிக்குத்தான் தலையைக் காட்டுவான். அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் யுவராணிக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. அந்தப் பையன் தன் மாமியார் செல்வலட்சுமியைப் பார்ப்பதற்கென்றே மாதம் தவறாமல் வண்டியில் வருகிறான். பெற்ற மகன் வராத வீட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“ஏட்டி சண்முகத்தாய், அவளைப் பாத்துப் பாத்தே உனக்கு வயசாகிப் போச்சு” என்பார் என் வீட்டுக்காரர் மொக்கைச்சாமி. அவருக்கென்ன, ஆம்பளை.

நாங்கள் இருவரும் ஒரே பேண்டேஜ் கம்பெனியில், செக்கிங்கில் வேலை பார்க்கிறோம். கண்ணாடி மேஜை, அதற்கு அடியில் டியூப் லைட். வெளுத்து வருகிற காஸ் துணியை அதன் மேல் விரித்து நூல் பிசிறு, தலைமுடி, கரும்புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கழிவுக் கூடை. இல்லையென்றால் நல்ல கட்டு. புண்ணில் வைக்கிற துணி என்பதால் ஒரு புள்ளிகூட ஆகாது. கண் இருக்கிற வரைக்கும்தான் இந்த வேலை. எனக்கு அடுத்த மேஜை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போவாள். கோயிலுக்கு என்று சொல்வாள். சூப்பர்வைசர் முகமது ரியாஸ் மற்றவர்கள் அரை நாள் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். அவளுக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். சாமி கும்பிடக்கூட அவளுக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டு ஆர்டர் வந்தது, அவர்கள் கேட்டபடி வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனையும் வந்தது. ரிசல்ட் தாளில் கூடுதலோ குறைச்சலோ இருக்கிற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். எண்ணெல்லாம் எங்களில் யாருக்குப் புரிகிறது? நட்சத்திரத்தைத்தான் எண்ணுவோம், பள்ளிக்கூட மார்க் தாளில் சிவப்புக் கோடுகளை எண்ணுகிற மாதிரி.

போன வருடம் எனக்கு ஒரு நட்சத்திரம். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு. எட்டிப் பார்த்தேன். செல்வலட்சுமிக்கு ஒன்றுமில்லை. தொண்ணூற்றாறு.

எனக்கு வந்த சர்க்கரையைவிட அவளுக்கு வராத சர்க்கரைதான் என்னைச் சுட்டது. ஒரே தெரு, ஒரே ரேஷன் அரிசி, ஒரே வேலை. அவள் மட்டும் எப்படித் தப்பினாள்? கம்பெனிக்கு வருகிற நர்ஸ் ஹெப்சிபா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரு தடவை கூடிருச்சுன்னதும் முடிவு கட்ட வேண்டாம்க்கா. ஒரு வாரம் கழிச்சு திரும்பப் பாருங்க. மூணு மாசச் சராசரி சொல்ற டெஸ்ட்டும் ஒண்ணு இருக்கு, அதையும் சேத்து எடுத்துருங்க” என்றாள்.

நான் அவள் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன். மறுபடி பரீட்சை, அதில் பாஸாக வேண்டும், அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. பரீட்சைக்கு முந்தின மூன்று நாளும் பாகற்காய்ச் சாறும் கால் வயிற்றுக் கஞ்சியுமாகக் கிடந்தேன். தலை சுற்றியது. எண் நூற்றுப் பதினெட்டுக்கு இறங்கியது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே செல்வலட்சுமியின் மேஜைக்குத்தான் போனேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். “மூணு நாளா சாப்பிடலையாக்கா?” என்றாள்.

“பசிக்கல.”

“அந்த மூணு மாச டெஸ்ட்டையும் எடுத்துருக்கலாமே?”

“நீ என்ன டாக்டரா?” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஜெயித்த சந்தோஷத்தில் சர்க்கரை தூக்கலாக இரண்டு டம்ளர் டீ குடித்தேன்.

இந்த வருடம் இருநூற்று முப்பத்திரண்டு. அவளுக்கு மறுபடியும் நட்சத்திரம் இல்லை. மெஷின் சரியில்லை என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டுத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் செருகினேன். அவளுக்கு இல்லாத நோய் எனக்கு இருக்க முடியாது என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

ஆடி மாதத்தில் என் மேஜைக்கு வருகிற துணியில் கரும்புள்ளி கூட ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு பீஸுக்குப் பீஸ். கழிவுக் கூடை நிறைந்து வழிந்தது. ரியாஸ் வந்து நின்றார்.

“என்னக்கா, உங்க டேபிள்ல மட்டும் கழிவு இம்புட்டுப் போகுது?”

“நல்ல துணி பூராம் அவ மேஜைக்குப் போனா எனக்கு என்ன சார் மிஞ்சும்?” என்றேன். மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. செல்வலட்சுமி தலை நிமிரவில்லை.

“அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் மேஜையை மாத்திக்கோங்க” என்று ரியாஸ் முடித்துவிட்டார்.

மறுநாள் அவள் மேஜையில் உட்கார்ந்தேன். இளவரசி நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது, முதல் பீஸை விரிக்கும் வரைக்கும். அதிலும் புள்ளி. அடுத்ததிலும் புள்ளி. விரல் நகத்தால் கிள்ளப் பார்த்தேன், சிக்கவில்லை. துணியை இழுத்தால் புள்ளி அதனோடு வரவில்லை. நான் பார்வையைத் திருப்பிய பக்கமெல்லாம் அது மிதந்து வந்தது. யாரிடம் சொல்வது? நல்ல துணியெல்லாம் இந்த மேஜைக்குத்தான் போகிறது என்று கத்தியவளே நான்தான். வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கழிவில் போட்டேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு செல்வலட்சுமி வந்தாள். என் கழிவுக் கூடையைத் தூக்கி மேஜையில் கவிழ்த்தாள். லைட்டைப் போட்டு ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். நாற்பது பீஸுக்கு மேல் இருக்கும். எதிலும் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் மடித்து நல்ல கட்டோடு சேர்த்தாள்.

ரியாஸைக் கூப்பிட்டு, “பாருங்க சார், யார் பொய் சொன்னதுன்னு” என்று அவள் கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிருங்கக்கா. என்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் வாங்க” என்றாள்.

“கோயிலுக்கா?”

“வாங்களேன்.”

வேண்டுதல் ஏதாவது சொல்லித் தரப் போகிறாள் என்று நினைத்துத் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கோபுரம் தெரிகிற பக்கம் திரும்பவில்லை. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு வரிசையில் போய் நின்றாள். அங்கே இருந்த நர்ஸ், “வாங்க செல்வலட்சுமியக்கா, இன்னைக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கீக” என்றாள். செல்வலட்சுமி பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் சுற்றிய ஒரு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். மாதத்துக்கு ஒரு வரி, ஆறு வருடம். முதல் வரியில் இருநூற்று எண்பத்தைந்து. கடைசிப் பக்கத்தில் தொண்ணூறு, நூறு என்று நின்றது.

“உனக்குமா?” என்றேன்.

“ஆமாக்கா. கால்ல முள்ளு ஏறிப் புண்ணு ஆறாமக் கெடந்தேன்ல, அப்பத்தான் தெரிஞ்சுச்சு.”

அப்போது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. இத்தனை வருடத்தில் அவளிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. உள்ளே போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அதெல்லாம் போய்விட்டது.

“இவங்களுக்கு சுகர் இல்லாமப் போகலம்மா. மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் சேந்து அதைக் கட்டி வச்சிருக்கு. அதனாலதான் ரிசல்ட் நார்மலா வருது” என்றார் அந்த டாக்டரம்மா. பிறகு என் கதையைக் கேட்டார். பட்டினி கிடந்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “மூணு நாள் பட்டினி கெடந்தா அன்னைக்கு எண் எறங்கத்தான் செய்யும். மூணு மாசத்தை ஏமாத்த முடியாது” என்று சொல்லி அந்த டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். மத்தியானம் வந்த சராசரி பத்துக்கு மேல் இருந்தது. ஏழுக்குள் இருந்திருந்தால் நல்லது என்றார்.

அடுத்து கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிகின்றனவாம். கசிந்த ரத்தம்தான் கண்ணுக்குள்ளேயே மிதக்கிறதாம். நான் துணியில் பார்த்த புள்ளி அதுதான். வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம், மதுரைக்குப் போய் உடனே லேசர் வைக்க வேண்டும் என்றார்கள். இடது கண்ணில் போன பார்வை போனதுதான்.

“முந்தியே வந்திருந்தா?” என்று கேட்டேன்.

“இவ்வளவு தூரத்துக்கு வந்திருக்காதும்மா.”

பக்கத்து நாற்காலியில் செல்வலட்சுமிக்கு வருடாந்திரப் பரிசோதனை நடந்தது. “உங்களுக்குச் சுத்தமா இருக்குக்கா” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அழகுக்கும் மருமகனுக்கும் பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை. அவள் நோட்டில் இருந்த அந்த ஆறு வருடத்துக்குத்தான் நான் வயிறெரிந்து பொறாமைப்பட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சொட்டு மருந்தால் எல்லாம் வெள்ளையாகக் கூசியது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன். “நம்ம ஊர் ஆஸ்பத்திரி நடக்குற தூரத்துல இருக்கு. எதுக்குட்டி இம்புட்டுத் தூரம் வந்து ஒளிஞ்ச? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கண்ணு போயிருக்குமா?”

அவள் குரல் என் காதருகே வந்தது. “காலு புண்ணுக்கு நான் லீவு போட்டப்ப, வேலைக்கு வராம இருக்க நடிக்கான்னு தெரு பூராம் சொன்னீக. பொறவு யுவராணிக்குக் கல்யாணப் பேச்சு நடந்துச்சு. எப்படிக்கா சொல்ல?”

யுவராணியைப் பெண் பார்க்க வந்தபோது அந்தச் சம்பந்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். எனக்கு மட்டும் தெரிந்திருந்தால், தாய்க்குச் சுகர் இருந்தால் மகளுக்கும் வரும் என்று அந்த அம்மாள் காதில் போட்டிருப்பேன். அதை அனுதாபமாகப் பேசுகிற மாதிரியே சொல்லியிருப்பேன்.

“அடுத்த மாசம் இந்துவைப் பாக்க வாராகக்கா” என்றாள் செல்வலட்சுமி. இந்து அவளுடைய இரண்டாவது பெண். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மதுரையில் லேசர் வைத்தார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை விழுங்குகிறேன். செக்கிங்கில் இனி உட்கார முடியாது என்று ரியாஸ் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். என் மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போது நான் பார்ப்பதில்லை.

இந்துவைப் பார்க்க வத்திராயிருப்பிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு பேங்கில் வேலை. சிரித்த முகம். இதுவும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா நெனைக்காதீக. இப்பல்லாம் கேட்டுக்கிட வேண்டியிருக்கு. வீட்ல சுகர், பிரஷர்னு யாருக்கும் உண்டா?”

வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் இத்தனை நாள் வெளியே வராத விஷயம் ஊரெல்லாம் பரவிவிடும், இந்தச் சிரித்த முகம் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடும். அடுப்படிக் கதவோரம் செல்வலட்சுமி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் கேள்வி விழுந்துவிட்டது.

“எனக்குத்தான் இருக்கு” என்றேன். “கவனிக்காம விட்டு ஒரு கண்ணுல பாதி போச்சு. நான் இந்த வீட்டுக்கு வந்த மருமக, எனக்கும் பிள்ளைக்கும் ரத்த சம்பந்தம் இல்ல.”

“பிள்ளையோட அம்மாவுக்கு?”

“அவ வருசா வருசம் ரத்தம் பாக்கா. கம்பெனி தாளு இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வரச் சொல்லுதேன். பூராம் சரியாத்தான் இருக்கும்.”

அந்த அம்மாள் திருப்தியாகத் தலையாட்டினார். செல்வலட்சுமி டீ கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக, சர்க்கரை போடாத டம்ளரை என்னிடம் நீட்டினாள். அதை வாங்கும்போது அவள் விரல் என் விரலில் பட்டது. சூடான டம்ளரைப் பிடித்திருந்தும் அது ஜில்லென்று இருந்தது. இத்தனை வருடமாக நான் அவளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தபோது, அவள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள்.