ஜெயம்மாள் வேண்டிக்கொண்ட படி பூஜை

கே.ஜி.கண்டிகை ஜெயம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பஸ் கண்டக்டரே விசில் ஊதுவான். அப்பேர்ப்பட்டவளை உட்கார்ந்து அழ வைத்தது பன்னிரண்டு வயசுப் பெண். வேறு யார், அவள் பெற்ற சந்திராதான்.

முதலில் அது ஒரு கோளாறு என்றே யாருக்கும் தோன்றவில்லை. சந்திரா தண்ணீர்க் குடத்தை மூன்று தரம் அலம்புவாள். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும், சுத்தக்காரி" என்று கிணற்றடியில் மெச்சினார்கள். ஜெயம்மாளுக்கும் தலைகால் புரியாத பெருமை. பாவி, அப்போதே சுதாரித்திருக்கக் கூடாதா? மூன்று ஏழாயிற்று, ஏழு இருபத்தொன்றாயிற்று. எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஆரம்பிப்பாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. பள்ளிக்கூடத்தில் எழுதினதையே அழித்து அழித்து எழுதி நோட்டு கிழிய, வாத்தியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஜெயம்மாள் குடத்தை ஒளித்து வைத்துப் பார்த்தாள், கெஞ்சினாள், கடைசியில் விளக்குமாற்றை எடுத்தாள். "ஏன்டி இப்படிப் பண்றே, சொல்லித் தொலையேன்டி!" பெண் அடியை வாங்கிக்கொண்டே குடத்தைத் தேடினாள். அடித்த கையாலேயே அன்றைக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். ஜெயம்மாளுக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

"மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரியில காட்டலாம்" என்றான் புருஷன் துளசிங்கம்.

"ஏன், பைத்தியம்னு ஊரெல்லாம் தமுக்கு அடிக்கவா? நாளைக்கு எவன் கட்டுவான் இவளை? மலைமேல இருக்கறவன் பாத்துக்குவான்யா."

அப்படித்தான் வேண்டிக்கொண்டாள்: பெண் குணமாகணும், அதற்கு சந்திரா கையாலேயே திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றுவது என்று. எண்ணி எண்ணிச் சாகிற பிள்ளைக்கு எண்ணுவதற்குப் படியைக் கொண்டுவந்து கொடுத்தாளே, அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல!

எழுபத்திரண்டாம் வருஷம், தைக் கிருத்திகை. விடிந்ததும் குளத்தில் முழுகிவிட்டு முதல் படியில் ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு படி ஒழுங்காகப் போயிற்று. ஜெயம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பதிமூன்றாவது படியில் பொட்டு கொஞ்சம் கோணிவிட்டது. சந்திரா விறுவிறுவென்று கீழே இறங்கி மறுபடி முதல் படியில் குனிந்தாள்.

மணி பத்தாகியும் இருபதாம் படியைத் தாண்டவில்லை. காவடிக் கூட்டம் முதுகில் இடித்தது. "ஆரும்மா அது, வழிய மறிச்சுகினு?" என்று ஒருவர் சத்தம் போட்டார். ஜெயம்மாளுக்கு மானம் போயிற்று. பெண் கையிலிருந்த பூஜைத் தட்டைப் பிடுங்கினாள்.

"போதும்டி. வா, வூட்டுக்குப் போலாம்."

"வேணாம்மா!" பெண் அலறினாள். "பாதியில வுட்டா நீ செத்துப்பூடுவே!"

"என்னாடி சொல்றே?"

"குடம் கழுவுறதும் அதுக்குத்தாம்மா. ஒண்ணு தப்பிப்போச்சுன்னா உங்கம்மா செத்துப்பூடுவான்னு உள்ள சொல்லிகினே இருக்குது. உங்கிட்ட சொன்னா அப்பவே நடந்துடும்னு பயம்."

ஜெயம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் உயிருக்குக் காவல் நின்ற பிள்ளையையா விளக்குமாற்றால் அடித்தோம்? ஐயோ, இந்தக் கை வெந்து போகாதா! பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நான் எங்கடி சாவப் போறேன்? கல்லு மாதிரி இருக்கேன். சாவ மாட்டேன் கண்ணு."

சந்திராவின் முகம் தெளிந்தது. அந்த முகத்தை அப்படிப் பார்த்து ஒரு வருஷமிருக்கும். முருகா, இவ்வளவுதானா, இதைச் சொல்லியிருந்தால் போதுமா என்று ஜெயம்மாளுக்கு நெஞ்சு விம்மியது.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

"சாவ மாட்டேன்டி."

"இன்னொரு வாட்டி."

சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறாவது தரம் சொல்லும்போது அடக்க முடியாமல் குரல் உடைந்துவிட்டது.

சந்திரா புண்ணான விரலால் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நடுவுல நீ அழுதுட்டியேம்மா. மொதல்லேர்ந்து சொல்லு."